படிக்கிற பிள்ளை எங்கும் படிக்கும் என்றால், கல்லூரிக்கு எதற்குப் பணம்?

"படிக்கிற பிள்ளை எங்க போட்டாலும் படிக்கும்." பொறியியல் கவுன்சலிங் நேரம் வந்துவிட்டால் எங்கள் சொந்தத்தில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் பிளஸ் டூ மார்க் நினைத்த அளவு வராத வீட்டில், ஆறுதலுக்காகச் சொல்வது. சொல்பவர் மனதில் கள்ளம் கிடையாது. கேட்கும் அம்மா அப்பாவுக்கும் கொஞ்சம் தெம்பாக இருக்கும். ஆனால் எனக்கு இந்தப் பேச்சு ரொம்ப நாளாக ஒப்பவில்லை. எல்லாவற்றையும் பிள்ளையே பார்த்துக்கொள்ளும் என்றால் நான்கு வருடத்துக்கு லட்சக்கணக்கில் கட்டுகிறோமே, அந்தப் பணம் எதற்கு? தன்னாட்சி இல்லாத சின்ன சுயநிதிக் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். பாடத்திட்டம் அண்ணா பல்கலைக்கழகத்துடையது. செமஸ்டர் வினாத்தாளும் அவர்களுடையது. கடைசியில் பட்டம் தருவதும் அவர்களே. அப்படியானால் நடுவில் இருக்கும் கல்லூரி தருவது என்ன? இந்தக் கேள்விக்குப் பதில் தேடாமல் பிள்ளையின் தலையில் எல்லாப் பொறுப்பையும் போட்டுவிடுகிறது அந்த ஆறுதல் வார்த்தை. நன்றாக வந்தால் கல்லூரி பேனர் வைத்துக்கொள்ளும். வராவிட்டால் பிள்ளை சரியாகப் படிக்கவில்லை.

நானும் அப்படிப்பட்ட சின்னக் கல்லூரியில் படித்தவன்தான். இப்போது கோயம்புத்தூரில் மோட்டார் பம்புகளுக்கு கன்ட்ரோலர் செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை. புதிதாக எடுக்கும் பட்டதாரிகளை நேர்காணல் செய்யும் இடத்தில் உட்கார்ந்திருப்பதால், சேர்க்கை மாதங்களில் சொந்தக்காரர்கள், பழைய நண்பர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று போன் வந்துகொண்டே இருக்கும். எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "இந்த காலேஜ்ல சேக்கலாமா?" பல காலம் நானும் மழுப்பலாகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். சென்னிமலையில் பவர்லூம் வைத்திருக்கும் என் பெரியப்பா மகன், அதாவது அண்ணன், தன் பெரிய பெண்ணுக்காகக் கூப்பிட்டபோதுதான் உட்கார்ந்து முழுசாகக் கணக்குப் போட வேண்டி வந்தது.

இரண்டு சீட்டு

பெண்ணுக்கு 200-க்கு 148 கட் ஆஃப். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50 என்று போடும் அந்தக் கணக்கில் 148 என்பது ரொம்பச் சங்கடமான எண். பேர் பெற்ற கல்லூரிகளின் வாசலுக்குக் கொஞ்சம் வெளியே நிற்க வைக்கும். சாய்ஸ் ஃபில்லிங்கில் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் உள்ள ஒரு சின்னக் கல்லூரியில் இ.சி.இ., அதாவது எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் பிரிவில், ஒதுக்கீடு வந்திருந்தது. உறுதி செய்ய ஓரிரு நாள்தான் அவகாசம். அதே நேரத்தில் ஒரு கன்சல்டன்சி ஆள் அண்ணனை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கோவைப் பக்கம் பெரிய கல்லூரி, மேனேஜ்மென்ட் கோட்டா, கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்னும் சில சீட்டுதான் பாக்கி, நாளைக்குள் அட்வான்ஸ் கொடுத்தால் பிடித்து வைக்கிறேன் என்று. அண்ணி ஏற்கெனவே வளையலைக் கழற்றி வைத்துவிட்டார். "புள்ளையோட வாழ்க்கை தம்பி, பணத்தப் பாத்தா ஆகுமா?" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? பணத்தைப் பார்ப்பதும் பிள்ளையின் வாழ்க்கையைப் பார்ப்பதுதான் என்று தோன்றியது. அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

சரி, முதலில் சின்னக் கல்லூரி. சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு 2017-ல் கட்டண நிர்ணயக் குழு வைத்த தொகை, தர அங்கீகாரம் பெற்ற பிரிவு என்றால் வருடத்துக்கு 55,000, இல்லையென்றால் 50,000. அண்ணன் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை என்பதால் பெண்ணுக்கு முதல் பட்டதாரிச் சலுகை உண்டு. அதில் 25,000 கழியும். மிச்சம் 30,000. பஸ்ஸுக்கு 22,000. பரீட்சைக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, லேப் கோட்டு, அது இது என்று 10,000 வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 62,000. நான்கு வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டரை லட்சம்.

பெரிய கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் குழு வைத்த தொகை 87,000 தான். ஆனால் கன்சல்டன்சி ஆள் சொன்ன எண் அது இல்லை. ஹாஸ்டல், மெஸ், பயிற்சிக் கட்டணம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேல். சேரும்போது ரசீது இல்லாமல் தனியாக ஒரு தொகை. அப்படி வாங்குவதைத் தடுக்க 1992-லேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டாகிவிட்டது. இன்றும் அதை "டொனேஷன்" என்று கூச்சமில்லாமல் சொல்கிறார்கள், நாமும் அந்த வார்த்தையிலேயே கேட்டுக்கொள்கிறோம். இன்னொன்று அண்ணனுக்குத் தெரியாமல் இருந்தது. முதல் பட்டதாரிச் சலுகை கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால் மட்டும்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் போனால் அந்த 25,000-மும் போய்விடும், நான்கு வருடத்துக்கும். எல்லாம் கூட்டினால் ஒன்பது லட்சத்தைத் தொட்டது.

அதில் ஆறு லட்சம் கல்விக் கடன் வாங்கலாம் என்பது அண்ணனின் எண்ணம். ஏழரை லட்சம் வரை சொத்து ஜாமீன் இல்லாமல் தருவார்கள், படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துக் கட்டத் தொடங்கினால் போதும் என்று வங்கியில் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது உண்மை. ஆனால் அந்த ஐந்து வருடமும் வட்டி தூங்குவதில்லை. வருடத்துக்கு ஒன்றரை லட்சமாக நான்கு தவணையில் வாங்கி, பத்தரை சதவீதம் தனிவட்டி என்று போட்டால் தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் 2,20,000 ரூபாய் ஏறி நிற்கும். ஆறு லட்சம் 8,20,000 ஆகிவிடும். அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் 11,000 ரூபாய். அண்ணன் அந்த 11,000-ஐத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அவளுக்கு இருபத்தேழு இருபத்தெட்டு வயசுலயும் இது ஓடிட்டிருக்குமா?" என்றார். முப்பதைத் தாண்டியும் ஓடும் என்றேன்.

நடுவில் இருக்கும் சம்பளம்

"பெரிய காலேஜுன்னா வேலை கட்டாயம் கிடைச்சிரும்ல தம்பி?" என்று கேட்டார். கல்லூரியின் மடக்குத்தாளில் ஒரு மாணவரின் படம் போட்டு வருடச் சம்பளம் 24 லட்சம் என்று இருந்தது. அந்த மாணவர் உண்மையாகவே அதை வாங்கியிருப்பார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் பார்க்கச் சொன்னது வேறு ஒரு தாளை. தேசியத் தரவரிசைக்கு, அதாவது என்.ஐ.ஆர்.எஃப்.-புக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் அனுப்பிய விவரங்களைத் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும். எங்காவது ஒரு மூலையில் கிடக்கும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வரி. அதில் மீடியன் சம்பளம் என்று ஒரு கட்டம் உண்டு. வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவர் வாங்கும் தொகை. நம் வீட்டுப் பிள்ளையைப் பற்றி முன்கூட்டி எதுவும் தெரியாதபோது, பார்க்க வேண்டிய எண் அது.

பெரிய கல்லூரியின் கட்டத்தில் 3,60,000 இருந்தது. எனக்கு ஆச்சரியமில்லை. பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்கள் புதியவர்களுக்குக் கொடுப்பது பல வருடமாக மூன்றரை லட்சத்தைச் சுற்றியேதான் நிற்கிறது, ஆள் அதிகம் எடுப்பதும் அவர்கள்தான். சின்னக் கல்லூரியின் கட்டத்தில் 2,40,000. வித்தியாசம் வருடத்துக்கு 1,20,000, மாதத்துக்கு 10,000. கடன் தவணை 11,000.

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பெரிய இடத்தில் தொடங்குபவருக்குச் சம்பளம் வேகமாக ஏறலாம். கூடப் படித்தவர்கள் பத்து நிறுவனத்தில் இருந்தால் இரண்டாவது வேலை சுலபமாகக் கிடைக்கும், அதற்கு விலை போட முடியாது. இன்னொரு பக்கம், அந்தப் பத்தாயிரம் முழுவதும் கல்லூரி சம்பாதித்துக் கொடுத்ததும் கிடையாது. 180, 185 கட் ஆஃப் எடுத்துக் கவுன்சலிங்கில் உள்ளே போன பிள்ளைகள் அந்த நடு எண்ணைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். 148 எடுத்த பெண், பணம் கட்டி உள்ளே போனதாலேயே அவர்கள் நிற்கும் இடத்தில் நிற்பாள் என்று சொல்ல முடியாது. ஆக, ஆறரை லட்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்குவது மாதம் பத்தாயிரம்கூட இல்லை, அதில் ஏதோ ஒரு பங்குதான். அண்ணிக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க அன்று இரவு ரொம்ப நேரம் ஆனது.

ஆனால் மலிவு என்பதற்காக மட்டும் ஒரு கல்லூரியில் சேர்க்க முடியுமா? நான்கு வருடம் சும்மா போனால் இரண்டரை லட்சமும் வீண், பெண்ணின் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயதும் வீண். அதனால் மறுநாள் காலை மூன்று பேருமாகக் கிளம்பிப் போய்ப் பார்த்தோம்.

நீள நோட்டு

துறைத் தலைவர் பரீட்சை வேலையாக எங்கோ போயிருந்தார். லேப் டெக்னீஷியன் ஒருவர்தான் எங்களை எலெக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்துக்குள் கூட்டிப்போனார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வழக்கமாகச் சேர்க்கை நேரத்தில் கல்லூரிகள் காட்டும் கண்ணாடி அறை கிடையாது. பழைய மேசைகள். ஆஸிலோஸ்கோப்புகளின் திருகுகளில் எண்கள் தேய்ந்து அழிந்திருந்தன. எனக்கு அது பிடித்திருந்தது, நாலு கை பட்டால்தான் எண் அழியும். ஒரு இரும்பு அலமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே அட்டைப்பெட்டிகளில் மாணவர்கள் செய்த புராஜெக்ட் போர்டுகள். சால்டரிங் அசிங்கமாக இருந்தது, சில இடத்தில் கம்பி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் செய்தவர்களின் பெயரும் வருடமும் மார்க்கரில் எழுதியிருந்தது.

அலமாரியின் மேல்தட்டில் ஒரு நீள நோட்டு. படித்து முடித்த ஒவ்வொரு பேட்சுக்கும் சில பக்கம். பெயர், போன் நம்பர், இப்போது எங்கே இருக்கிறார். வேலை மாறினால் பழையதை அடித்துப் பக்கத்தில் புதியது. நான் கேட்டதும் ஒரு பக்கத்தைத் திருப்பி விரலை வைத்துப் படித்தார். "இவன் ஓசூர்ல இருக்கானுங்க, சர்வீஸ் இன்ஜினியரு. இந்தப் புள்ள பெங்களூர்ல டெஸ்டிங். இவன் வேலைக்குப் போகலைங்க, அப்பாவோட கடையப் பாத்துக்கறான். இந்தப் புள்ள கல்யாணமாகித் திருப்பூர்ல பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குது. இவன் இன்னும் ரெண்டு அரியர் முடிக்கல." முப்பது சொச்சம் பேர் இருந்த அந்தப் பேட்சில் எலெக்ட்ரானிக்ஸ் தொடர்பான வேலையில் இருந்தவர்கள் ஏழெட்டுப் பேர். ஐ.டி., பி.பி.ஓ. என்று இன்னொரு பத்து. மற்றவர்கள் எங்கெங்கோ.

எதற்காக இதை எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "காலேஜோட தரம் பாக்க வர்ற நேக் கமிட்டிக்குக் கேட்டாங்கன்னு ஆரம்பிச்சதுங்க. அப்புறம் விட மனசு வரல. யாராச்சும் போன் பண்ணி, எங்க கம்பெனில ரெண்டு பேர் வேணும்பாங்க. அடுத்த பேட்சுக்குச் சொல்லி விடுவேன்." அவ்வளவுதான் சொன்னார், அடுத்த அலமாரிக்குப் போய்விட்டார்.

எனக்கு அங்கேதான் பிடி கிடைத்தது. இந்த நோட்டில் பெருமைப்பட வைக்கும் சம்பளம் ஒன்றுகூட இல்லை. ஆனால் தன்னிடம் வந்த பிள்ளை என்ன ஆனது என்று இந்த இடத்துக்குத் தெரிந்திருக்கிறது, ஆகாதவரையும் சேர்த்து. சின்னக் கல்லூரி கொடுக்க முடிந்தது என்று ஏதாவது இருந்தால் அது இதுதான். பெயர் தெரிந்த ஆசிரியர், கை வைக்க விடும் ஆய்வகம், நான்கு வருடம் கழித்தும் கூப்பிட்டால் எடுக்கும் ஒரு போன். அறுபது பேர் கொண்ட வகுப்பு எட்டு இருக்கும் பெரிய கல்லூரியில் சராசரி மாணவருக்கு இது கிடைப்பது அரிது. சின்ன இடத்திலும் தானாகக் கிடைத்துவிடாது. யாரோ ஒருவர் அங்கேயே தங்கி வருடக்கணக்கில் செய்தால்தான் உண்டு.

பெண் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. திடீரென்று, "சார், லேப் எத்தனை மணி வரைக்கும் தொறந்திருக்கும்?" என்று கேட்டாள். "காலேஜ் பஸ் 4.40-க்குக் கண்ணு. அதுக்கு மேல இருந்தா டவுன் பஸ்லதான் போகணும். நான் ஆறு வரைக்கும் இருப்பேன்" என்றார். வெளியே பஸ் நிறுத்தத்தில் மூன்றாம் வருட மாணவிகள் இருவரிடம் பேசியபோது இன்னொரு பக்கமும் தெரிந்தது. எச்.ஓ.டி. அங்கேயே பல வருடமாக இருக்கிறார், நன்றாக நடத்துகிறார். கணித ஆசிரியர்தான் நிலையாக இல்லை, ஒரே வருடத்தில் ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். "மேத்ஸ மட்டும் நீங்களே பாத்துக்கோங்க" என்று அந்தப் பெண்கள் அக்கறையோடு சொன்னார்கள். அன்று மாலையே அண்ணன் இடத்தை உறுதி செய்தார்.

என் பக்கத்திலிருந்து பார்த்தால்

நேர்காணலில் நான் புராஜெக்ட் அறிக்கையைத் திறந்து, சர்க்யூட்டில் ஏதாவது ஒரு ரெசிஸ்டரைக் காட்டி, இங்கே ஏன் 10 கிலோ ஓம் போட்டீர்கள், 100 ஓம் போட்டால் என்ன ஆகும் என்று கேட்பேன். தானாகச் செய்தவர் தப்பான பதில் சொன்னாலும் யோசித்துச் சொல்வார், ஒரு தடவை போட்டுப் பார்த்தேன் சார், சூடாகிவிட்டது என்பார். புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியவர் பேசாமல் இருப்பார். இந்த இரண்டு வகையும் எல்லா அளவுக் கல்லூரியிலிருந்தும் வருகிறார்கள். மூன்று வருட அனுபவம் சேர்ந்த பிறகு வருபவரிடம் எந்தக் கல்லூரி என்று நாங்கள் கேட்பதே இல்லை.

ஆனால் அந்த அறைக்குள் வந்து சேர்வதற்குக் கல்லூரி தேவைப்படுகிறது. இதை மறைத்துப் பேசுவது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். சின்னக் கல்லூரிக்குள் நிறுவனங்கள் நேரே வருவது குறைவு. வேறொரு கல்லூரியில் பல கல்லூரி மாணவர்களுக்கும் சேர்த்து நடக்கும் பூல்டு கேம்பஸ் நேர்காணலுக்கு விடியற்காலையில் பஸ் பிடித்துப் போக வேண்டும். பத்தாவது, பிளஸ் டூ, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 சதவீதம், கையில் அரியர் இருக்கக் கூடாது என்கிற வடிகட்டி முதலிலேயே நிற்கும். கணித ஆசிரியர் நிலையாக இல்லாத கல்லூரியில் முதல் வருட அரியர் என்பது அந்தப் பிள்ளையின் சோம்பல் மட்டுமில்லை. எங்கள் பெண்ணுக்கும் முதல் செமஸ்டரில் மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ் போய்விட்டது. அடுத்த முறை எழுதி எடுத்துவிட்டாள். அந்த ஆறு மாதம் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. எடுத்தது அவள் உழைப்பு, போனதில் கல்லூரிக்கும் பங்கு உண்டு.

ஆசிரியர் ஏன் நிற்பதில்லை என்பதும் பணக் கணக்குதான். 60 இடம் உள்ள பிரிவில் 25 பேர் சேர்ந்தால், நான்கு வருடமும் சேர்த்து 100 பேர். ஆளுக்கு 55,000 என்றால் 55 லட்சம். இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி. ஐந்து ஆசிரியர் சம்பளம், அதோடு லேப், கட்டிடம், மின்சாரம், பல்கலைக்கழகத்துக்குக் கட்டுவது எல்லாம் அதற்குள். பல இடங்களில் முதலில் கை வைப்பது ஆசிரியர் சம்பளத்தில். ஒரே ஆசிரியரின் பெயர் பல கல்லூரிகளின் கணக்கில் முழுநேரமாகக் காட்டப்பட்டிருப்பதை 2024-ல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்தபோது பலர் அதிர்ந்தார்கள். அதே சமயத்தில்தான் நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு இருந்த இட உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. பெரிய கல்லூரிகள் கம்ப்யூட்டர் சயின்ஸில் இடங்களைக் கூட்டிக்கொண்டே போக, சின்னக் கல்லூரிகளின் வகுப்புகள் இன்னும் காலியாகின்றன. 1984-ல் சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவு திறந்ததிலிருந்து ஐநூறுக்கும் மேல் பெருகி, பிறகு பல மூடியும்விட்டன.

அதனால் இப்போது யார் போன் செய்தாலும் கல்லூரியின் பெயரை வைத்து நான் பதில் சொல்வதில்லை. எந்த ஒதுக்கீட்டில், எவ்வளவு கட்டி, வீட்டிலிருந்தா ஹாஸ்டலா, கடன் உண்டா என்று முதலில் கேட்கிறேன். எங்கள் பெண் படிக்கும் அதே கல்லூரியை, அதே இ.சி.இ.யை, மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஹாஸ்டலோடு கடன் வாங்கிப் படிக்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். அந்த நோட்டில் உள்ள சம்பளங்கள் அந்தத் தவணையைத் தாங்காது. அப்புறம் அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தைப் பார்க்கச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் முடித்த பேட்சில் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று துறையில் போய்க் கேட்கச் சொல்கிறேன். உடனே பதில் சொல்லும் துறை உண்டு, பிளேஸ்மென்ட் ஆபீசில் கேளுங்கள் என்று அனுப்பிவிடும் துறையும் உண்டு.

அண்ணனின் பையன் இந்த வருடம் பத்தாவது எழுதுகிறான். அவனுக்கு மெக்கானிக்கல்தான் வேண்டுமாம், தறியைப் பிரித்து மாட்டுவதிலேயே வளர்ந்தவன். ஆனால் அக்கா படிக்கும் கல்லூரியில் சேர ஆளில்லை என்று மெக்கானிக்கல் பிரிவையே மூடிவிட்டார்கள். அரசு பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் டிப்ளமோ, பிறகு நேராகப் பொறியியல் இரண்டாம் வருடத்தில் சேரும் வழி ஒன்று இருக்கிறதே, அதற்கு என்ன ஆகும் என்று அண்ணன் கேட்டிருக்கிறார். முதல் மூன்று வருடச் செலவு சில ஆயிரங்களில் முடிந்துவிடும். மொத்தத்தில் பள்ளி வழியாகப் போனால் ஆகும் அதே ஆறு வருடம்தான். கையில் டிப்ளமோவோடு நடுவிலேயே நல்ல வேலை கிடைத்தால் அவன் அதில் நின்றுவிடலாமா, பட்டம் முடித்தே ஆக வேண்டுமா என்பதுதான் எங்கள் இருவருக்கும் இன்னும் ஒத்துவராத இடம். அண்ணன் பட்டம் வேண்டும் என்கிறார். நான் பையனையும் உட்காரவைத்துப் பேசலாம் என்றிருக்கிறேன்.